பூட்டிய வீட்டில் ஒரு பற்றரி

யாழ்ப்பாணப் பட்டணத்தை விட்டு மேற்கு நோக்கிப் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருமருங்கும் கடல் விரிகின்றது. ஆழமில்லாத கடல். இடுப்பளவு நீரில் நின்று வலை இழுப்போரையும், அவர்களுக்குச் சற்றுத் தள்ளி ஒற்றைக்காலில் தவமிருக்கும் நாரைகளையும் ஒரே பார்வையிற் காணலாம். மண்டைதீவுச் சந்தி கடந்து, அல்லைப்பிட்டி கடந்து, மணற்கும்பிகளாற் பெயர்பெற்ற மண்கும்பானையுங் கடந்தால் வேலணை வந்துவிடும். ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி லைடன் என்று அழைத்தனர். அப்பெயர் தேசப்படங்களோடு நின்றுவிட்டது. ஊரவர்க்கு அது வேலணையாகவும் ஊர்காவற்றுறையாகவும் சரவணையாகவும் நாரந்தனையாகவும் கரம்பனாகவுமே என்றும் இருந்து வந்திருக்கின்றது.

வங்களாவடிச் சந்தியில் இறங்கி உள்ளொழுங்கைகளில் நடப்பவர் கண்ணிற் படுவன இருவகை வீடுகள். ஒன்று, கூரையிழந்து, சுவரிடையே ஆலும் வேம்பும் முளைத்து நிற்கும் பழைய கல்வீடு. 1990களின் தொடக்கத்தில் போர் இத்தீவுகளைச் சூழ்ந்தபோது மக்கள் விட்டுப்போன வீடு அது. மற்றையது, புதிதாய்ச் சாந்து பூசி, வண்ணந் தீட்டி, இரும்புப் படலையிட்டுப் பூட்டப்பட்ட வீடு. முதலாவது வீட்டில் ஆளில்லை, இரண்டாவதிலும் ஆளில்லை. ஆயினும் இரண்டாவது வீட்டின் தலைவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பாரிசிலோ நலமே இருக்கின்றார். ஆனி ஆடியில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவை ஒட்டியோ, ஆவணியில் நல்லூர்த் தேரை ஒட்டியோ பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு வருவார். நான்கு கிழமை, மிஞ்சினால் ஆறு கிழமை. பின்னர் படலை மீண்டும் பூட்டப்படும்.

அந்த வீட்டின் கூரையிற் சூரியத்தகடு இருக்கின்றது. உள்ளே ஒரு மூலையில் மின்மாற்றியும் (இன்வேட்டர் என்று ஊரவர் சொல்வது) அதனருகே பெரிய பற்றரியும் இருக்கின்றன. கொட்டிலில் ஒரு வான் நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் இருளிலும் புழுக்கத்திலும் வாடலாகாதென்று எண்ணியோர் இத்தகைய பற்றரிகளை வாங்கி வைத்தனர். நல்ல எண்ணம். ஆனால் அடுத்த ஆண்டு வந்து படலையைத் திறந்து ஆளியை அழுத்தினால் விளக்கு எரிவதில்லை. வானின் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஒலியோடு சரி. “போன வருடந்தானே வாங்கினேன்! ஒருநாளாவது பாவிக்கவில்லையே!” என்ற வியப்பும் ஆற்றாமையும் தீவுப்பகுதி முழுவதும் ஆடி மாதத்திற் கேட்கும் குரலாகிவிட்டன.

பாவிக்கவில்லை என்பதே அதற்கு விடை. இதனைச் சற்று விரித்து நோக்குதல் நன்று.

‘கரவன்’ என்ற சொல் நம்மவர்க்கு ஒரு யப்பானிய வானின் பெயர். இங்கிலாந்திலோ அது மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு. கட்டிலும் அடுப்பும் விளக்கும் நீர்ப்பம்பியும் அமைந்த அவ்வீட்டில் அவர்கள் கோடையில் ஊர் சுற்றுவர். குளிர்காலம் வந்ததும் அதை முற்றத்திலோ வாடகைத் தரிப்பிடத்திலோ நிறுத்திப் போர்வை போர்த்திவிடுவர். அச்சிறு வீட்டின் விளக்குக்கென்று தனியே ஒரு பற்றரி உண்டு. குளிர்காலம் முழுவதும் அதனைச் சாகாமற் காப்பது எங்ஙனம் என்பது அந்நாட்டுக் கரவன்காரருக்கு ஆண்டுதோறும் வருங் கவலை. வேலணையில் வீடு நிலையானது. வீட்டுக்காரரே ஊர் ஊராய்ச் செல்பவர். ஆயினும் பற்றரிக்கு இவ்வேறுபாடு தெரியாது. அங்கே பனி பெய்யுங்கால் இங்கே வாடைக்காற்றும் மாரி மழையும். இரண்டிடத்திலும் அது இருளிற் கிடக்கின்றது. இரண்டிடத்திலும் அதன் உள்ளே அதே வேதியியல் நிகழ்கின்றது.

1859ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞர் காசுத்தோன் பிளாந்தே ஈயத்தகடுகளை அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை முதன்முதலாக ஆக்கினார். இன்று வானிலும் பெரும்பாலான வீட்டு மின்மாற்றிகளிலும் இருப்பது அதன் வழித்தோன்றலே. ஒரு பக்கம் ஈயவீரொட்சைட்டு, மறுபக்கம் பஞ்சுபோன்ற ஈயம், இடையே ஐதான சல்பூரிக்கமிலம். மின்னைக் கொடுக்கும்போது இரு தகடுகளிலும் ஈயச்சல்பேற்று படிகின்றது. அமிலம் நீர்த்துப் போகின்றது. மின்னேற்றும்போது அப்படிவு கரைந்து பழைய நிலை திரும்புகின்றது. இவ்வாறான ஆறு கலங்கள் சேர்ந்ததே 12 வோல்ற்றுப் பற்றரி. முழுதும் ஏற்றிச் சில மணிநேரம் ஓய்வில் விட்டபின் அளந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ற்றுக் காட்டும். 12.4 எனின் முக்காற்பங்கு, 12.2 எனின் பாதி, 12.0க்குக் கீழே வந்தால் ஆபத்து வாயிலில் நிற்கின்றது என்று கொள்க.

இங்கே முதன்மையாக அறிய வேண்டுவது ஒன்றுண்டு. பற்றரியை எதனோடும் தொடுக்காமல் அலுமாரியிற் பூட்டி வைத்தாலும் அது தன் ஏற்றத்தைத் தானே சிறிது சிறிதாக இழக்கின்றது. நல்ல புதிய பற்றரி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை இழக்கும்; பழையது இன்னும் கூடுதலாக இழக்கும். இழந்த ஏற்றத்துக்கு ஈடாகத் தகட்டிற் சல்பேற்று படியும். உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் நுண்ணிய அப்படிவு பெரிய, கடினமான பளிங்குகளாக வளர்ந்துவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் அவை முழுதுங் கரைவதில்லை. கறையான் அரித்த மரம்போல வெளியே உருவம் மட்டும் இருக்கும், உள்ளே வலுவிராது. ஆகவே ‘பாவிக்காமல் வைத்தேன், எனவே புதிதாய் இருக்கும்’ என்ற கணக்குப் பற்றரிக்குப் பொருந்தாது.

குளிர்நாட்டுக்கு எழுதிய அறிவுரைகளை நம்மவர் அப்படியே இங்கே கொண்டுவந்து பின்பற்றுவதில் ஒரு தொல்லை இருக்கின்றது. வெப்பம் ஏறத்தாழ பத்துப் பாகை கூடும்போது தானாக ஏற்றம் இழக்கும் வேகம் இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. இங்கிலாந்தின் மாரிகாலக் கொட்டிலில் 5 பாகை என்று கொள்வோம்; வேலணையில் 28 பாகை. வேறுபாடு 23 பாகை. எனவே இங்கே இழப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவு. அங்கே ‘மூன்று மாதத்துக்கொருமுறை மின்னேற்றினாற் போதும்’ என்று சொல்லப்படும் பற்றரியை இங்கே மாதமொருமுறை பார்த்தாக வேண்டும். அவர்களுக்கு இன்னோர் அச்சமுண்டு; நமக்கு அஃதில்லை. முழுதும் ஏற்றிய பற்றரியின் அமிலம் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. ஏற்றமிழந்ததன் அமிலமோ பெரும்பாலும் நீராகிவிடுவதால் 10 பாகை அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். ரொறன்ரோவில் வாழும் வேலணையார் ஒருவர் அங்கே தம் மோட்டாருக்கு இவ்வெச்சரிக்கையையும், இங்கே தம் வானுக்கு மற்றைய எச்சரிக்கையையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தானாக இழப்பது ஒருபுறமிருக்க, ஓசையின்றி உறிஞ்சுவோரும் உளர். நிறுத்தி வைத்த வானில் மணிக்கூடும், திருட்டை அறிவிக்கும் கருவியும், வானொலியின் நினைவும் ஓயாது சிறு மின்னை உண்டவண்ணம் இருக்கின்றன. ஓர் அம்பியரின் ஆயிரத்தில் முப்பது பங்கு என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 0.72 அம்பியர் மணி ஆகின்றது. 60 அம்பியர் மணிப் பற்றரியின் பாதி ஏற்றம் ஆறே கிழமையிற் கரைந்துவிடும். ஆவணியிற் புறப்பட்டவர் இலண்டனிற் குளிர்சட்டையை எடுத்துப் போடுமுன்னரே ஊரில் வானின் பற்றரி அரைகுறையாகிவிடுகின்றது.

வீட்டு மின்மாற்றியின் கதை இதனினும் வேடிக்கையானது. ஊரை விட்டுப் புறப்படும் நாளிற் பொறுப்புள்ளவர் என்ன செய்வார்? இடி மின்னலையும் தீயையும் எண்ணி மெயின் சுவிச்சை அணைப்பார். அது நியாயமே. ஆனால் மின்மாற்றியை அணைக்க மறந்துவிடுவார். மெயின் நின்றதும் அக்கருவி ‘மின்வெட்டு வந்துவிட்டது’ என்று எண்ணிக்கொண்டு, வெறும் வீட்டுக்கு மின்வழங்க விழித்திருக்கும். ஒரு விளக்கும் எரியாவிடினும் தான் விழித்திருப்பதற்கே பத்து வாற்று அளவில் உண்ணும். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 அம்பியர் மணி. 150 அம்பியர் மணிப் பெரும் பற்றரியும் ஒரு கிழமையில் வற்றிவிடும். தலைவர் கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, வீடு சேர்ந்து, பயணக் களைப்புத் தீர்ந்து எழுமுன் பற்றரி உயிரைவிட்டிருக்கும். வெறுமையான அந்நிலையிற் பத்து மாதங் கிடந்தால் அதற்கு மீட்சியில்லை.

இனிச் செய்யத்தக்கன யாவையென நோக்குவோம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னரே பற்றரியை முழுதும் ஏற்ற வேண்டும். நீர் ஊற்றும் வகையாயின் ஏற்றி முடித்தபின் தகடுகள் மூடுமளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் விடவேண்டும். பின்னர் மின்மாற்றியை அணைத்து, அதன் கம்பியைப் பற்றரியிலிருந்து கழற்றி, அதன் பின்னரே மெயின் சுவிச்சை அணைக்க வேண்டும். கழற்றும்போது எதிர்முனை முதலில், மீளப் பூட்டும்போது எதிர்முனை இறுதியில். இவ்வொழுங்கை மாற்றினால் கையிலுள்ள சாவி இரும்பில் உரசிப் பொறி பறக்கும். மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றத் தக்கது. ஆதலாற் காற்றோட்டமில்லாத அறையிலும், விளக்கேற்றும் சாமியறையிலும் பற்றரியை வைத்தலாகாது.

கழற்றி வைத்தாலும் தானாக இழப்பது நிற்காது என்றோம். அதற்குரிய மருந்து சூரியனிடமே இருக்கின்றது. பத்து அல்லது இருபது வாற்றுச் சிறு சூரியத்தகடு ஒன்றும், ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவி ஒன்றும் போதும். வெயில் நாளில் பத்து வாற்றுத் தகடு மூன்று அம்பியர் மணிக்குக் குறையாமற் கொடுக்கும். கார்த்திகை மழையில் அதில் மூன்றிலொரு பங்கு கிடைத்தாலும் இழப்பை ஈடுசெய்யும். கூரையிற் பெரிய தகடு ஏற்கனவே இருப்பவர்கள் அதன் கட்டுப்படுத்தியைப் பற்றரியோடு விட்டுவிட்டு, மின்மாற்றியை மட்டும் பிரித்து வைத்தாற் காரியம் முடிந்தது. கட்டுப்படுத்தி இல்லாமல் தகட்டை நேரே தொடுப்பது மட்டும் வேண்டாம். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் நீர் வாயுவாகிப் பறந்து, தகடுகள் வெளிப்பட்டுக் கெட்டுவிடும். பட்டினியாற் சாவதும் உண்டு. மிகையுணவாற் சாவதும் உண்டு. நிறுத்திவைத்த பற்றரிக்கு 13.5 வோல்ற்று அளவில் இடையறாத மென்னேற்றம் தகும். நம் நாட்டுச் சூட்டில் அதிலுஞ் சற்றுக் குறைவாயிருத்தல் நன்று. அண்மையில் வரத்தொடங்கிய இலிதியப் பற்றரிக்கோ நியதி வேறு. அதை நிறைத்து வைக்காமல் ஏறத்தாழப் பாதியளவு ஏற்றி, எல்லாத் தொடுப்பையும் பிரித்து, குளிர்ந்த இடத்தில் வைப்பதே அதற்கு உகந்தது.

தீவுக்கே உரிய பகைகள் இரண்டுண்டு. ஒன்று உப்புக்காற்று. சோளகம் வீசும் மாதங்களில் அது கடலின் உவரைத் தூக்கிவந்து சாளரக் கம்பியிலும் கதவுக் கீலிலும் பூசிவிடும். பற்றரியின் முனைகளையும் அது விடுவதில்லை. அமிலக் கசிவோடு அது சேர்ந்து முனைகளில் வெண்பச்சைப் பூஞ்சணம்போற் படரும். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைத் தண்ணீரிற் கரைத்துத் துணியால் துடைத்து, உலர்ந்தபின் வாசலீன் பூசினாற் பலகாலந் தாங்கும். அக்கரைசல் கலத்தினுள் ஒரு துளியும் விழாமற் பார்த்துக்கொள்க. மற்றைய பகை நிலத்தடி நீர். சுண்ணக்கல்லில் ஊறி வருவதாற் கிணற்றுநீர் கடினமானது; பல இடங்களில் உவர். சாட்டிக் கடற்கரையை அண்டிய கிணறுகளின் நன்னீர் குடிக்க இனிது. ஆயினும் பற்றரிக்கு அந்நீரும் ஆகாது. அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உப்புக்கள் தகடுகளை அரித்து, தானாக ஏற்றமிழத்தலை விரைவாக்கும். கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் ஒன்றே அதற்குரியது.

‘சீமெந்துத் தரையில் வைத்தால் மின் நிலத்துக்குள் இறங்கிவிடும்’ என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மரப்பெட்டியிலும் கடினறப்பரிலும் பற்றரி செய்த காலத்தில், ஈரமும் அமிலமும் ஊறிய பெட்டி வழியே மின் கசிவதற்கு இடமிருந்தது. அக்கூற்று அன்று பொருளுடையதே. இன்றைய பிளாத்திக்குப் பெட்டிக்கு அது பொருந்தாது. ஆயினும் மாரியில் வெள்ளம் புகும் தாழ்நில வீடுகளில் ஒரு பலகைமேல் உயர்த்தி வைப்பதால் நட்டமில்லை.

பற்றரியைப் போற்றும் கலை நம் மண்ணுக்குப் புதியதன்று. 1925ஆம் ஆண்டு மார்கழியிற் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர், மின்சாரம் எட்டாத ஊர்களில் வானொலிப் பெட்டிகள் சேமிப்புக்கலங்களாலேயே பாடின. கலம் சோர்ந்தால் மின்னேற்றித் தரும் இடத்துக்கு அதைத் தூக்கிச் செல்ல வேண்டும். ஆகவே செய்தியும் சங்கீதமுங் கேட்டவுடன் பெட்டியை அணைப்பது வீட்டு ஒழுக்கமாயிருந்தது. அதனினும் கடுமையான பள்ளியொன்று பின்னர் வந்தது. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாடு நாட்டின் பொது மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டது. பற்றரிகள் வடக்கே வருவதும் தடைசெய்யப்பட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவில் எழுந்த மின்னால் வானொலி கேட்ட தலைமுறை அது. மோட்டார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பிள்ளைகள் யாம் போத்தல் விளக்கிற் படித்துப் பரீட்சை எழுதினர். அன்று ஒரு பழைய பற்றரி வீட்டிலிருந்தால் அதனை வீட்டுப் பசுவைப்போற் பார்த்தனர். எவ்வளவு தந்தது, எவ்வளவு தரும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சிறுவரும் அறிந்திருந்தனர். இன்று கூரையிற் சூரியத்தகடும் கையிற் பணமும் இருக்க, அந்த அறிவு மட்டுமே கைநழுவிப் போவது வருந்தத்தக்கது.

தீவுகளின் வருங்காலமும் பற்றரியோடு பிணைந்திருக்கின்றது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் பாலம் உண்டு. மின்கம்பியும் தரைவழியே வந்துவிட்டது. குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறிச் செல்லும் நயினாதீவும் நெடுந்தீவும் அப்படியல்ல. டீசல் இயந்திரங்களையே நெடுங்காலம் நம்பியிருந்தன. எழுவைதீவிற் காற்றாடியும் சூரியத்தகடும் பற்றரியும் டீசல் இயந்திரமும் ஒருங்கிணைந்த மின்தொகுதி நிறுவப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இத்தகைய தொகுதிகளை அமைப்பதற்கு இந்தியாவின் நன்கொடையோடு 2024 பங்குனி முதலாந் தேதி ஒப்பந்தமாயிற்று. 530 கிலோவாற்றுக் காற்று, 1,700 கிலோவாற்றுச் சூரியன், 2,400 கிலோவாற்று மணி பற்றரி என்பன அத்திட்டத்திற் குறிக்கப்பட்ட அளவுகள். பகல் வெயிலையும் சோளகக் காற்றையும் இரவுக்குச் சேர்த்து வைக்கும் பாண்டம் பற்றரியே. அதைப் பேணத் தெரிந்த கைகள் ஊரில் இருந்தாலன்றி எந்த நன்கொடையும் நெடுநாள் நில்லாது.

இவ்வளவுஞ் சொன்னபின் மிக எளிய வழியொன்றைச் சொல்லாமல் விடலாகாது. ‘இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்’ என்பது நம் முதுமொழி. தீவுக்காரர் அதற்கு ஒரு மறுபாதியும் அறிவர். இத்தீவுகளிற் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாய் மழைநீர் மிதப்பதே நன்னீர்க் கிணறு. அளவோடு அள்ளினால் அது ஆண்டு முழுவதும் தரும். பம்பி போட்டு அடிவரை உறிஞ்சினால் உவர் ஏறிவிடும். பின்னர் எத்தனை மாரி பெய்தாலும் பழைய சுவை எளிதில் மீளாது. பற்றரிக்கும் இதே அறம். அடிவரை வற்றச் செய்தாற் கெடும். தொடாமல் விட்டாலுங் கெடும். நாளும் நூற்றுக்குப் பத்து இருபது பங்கு எடுத்து, மறுநாட் சூரியனைக் கொண்டு நிரப்பிவிட்டால் வீட்டுக்கென்று செய்த தடித்த தகட்டுப் பற்றரி பல்லாண்டு வாழும். அத்தகைய அளவான உழைப்பால் வருந் தேய்மானம் பூட்டிய அறையில் வருங் கேட்டினும் எத்துணையோ சிறிது.

அப்படியாயின் எவர் அதைப் பாவிப்பது? வீட்டுக்காரர் கடல்கடந்து இருக்கின்றார். ஆனால் அடுத்த வளவில் ஒரு குடும்பம் இருக்கின்றது. பெரும்பாலும் அவ்வீட்டின் சாவி அவர்கள் கையிலேயே இருக்கும். முற்றங் கூட்டுவதும், வெள்ளிதோறும் விளக்கு வைப்பதும், தேங்காய் விழுந்தால் எடுத்து வைப்பதும் அவர்களே. கார்த்திகை மழையில் மின்கம்பி அறுந்து ஊர் இருளும் இரவில், அவர்களின் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க ஒரு விளக்கு வேண்டும். பூட்டிய வீட்டில் நிறைந்த பற்றரி ஒன்று யாருக்கும் உதவாமற் செத்துக்கொண்டிருக்க, அதற்குப் பத்தடி தூரத்திற் பிள்ளை மெழுகுதிரியிற் கண்ணைக் கெடுத்துக்கொள்வது எந்தக் கணக்கிற் சேரும்? மின்மாற்றியிலிருந்து அவ்வளவுக்கு ஒரு விளக்கும் ஒரு விசிறியும் இயங்குமளவு பாதுகாப்பான கம்பியொன்றை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு இழுத்துக் கொடுத்தால் அவர்களுக்கு வெளிச்சம் கிடைக்கின்றது. பற்றரிக்கு உயிர் கிடைக்கின்றது. தலைவருக்கு ஆண்டுதோறும் புதுப் பற்றரிச் செலவு மிச்சம். பாதிக்குக் கீழே போனால் தானாகவே நின்றுவிடும் அமைப்பு மின்மாற்றியிலேயே இருக்குமாயின் ஐயமுந் தேவையில்லை.

சாவி வைத்திருப்பவருக்கு மாதமொருமுறை செய்யச் சில சிறு பணிகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். தகட்டிலுள்ள தூசியையும் காக எச்சத்தையும் துடைத்தல், பனையோலை சரிந்து தகட்டின்மேல் நிழல் விழுத்துகிறதா என்று நோக்கல், சிறிய மின்னளவி கொண்டு வோல்ற்றைப் பார்த்துத் திகதியோடு குறித்தல், 12.4க்குக் கீழ் இருந்தால் மின்னேற்றுதல், நீர்மட்டம் பார்த்தல். வானைப் பொறுத்தவரை, ஐந்து நிமிடம் இயந்திரத்தை உறுமவிட்டு நிறுத்துவது பயனற்றது. தொடக்கத்தில் உண்ட மின்னைக்கூட அது முழுதும் திருப்பிக் கொடாது. அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் சீராயிருந்தால் ஊர்காவற்றுறைத் துறைமுகம் வரை அரைமணி நேரம் ஓட்டி வருதல் நன்று. அப்படியே அயலாரின் மூதாட்டி ஒருத்தியை வைத்தியசாலைக்கோ கோயிலுக்கோ கொண்டுசென்று வந்தால் வானுக்கும் நலம், ஊருக்கும் நலம்.

செத்த பற்றரியைப் பற்றியும் ஒருசொல். அதை வேலியோரத்தில் எறிதல் பெருந்தீங்கு. பெட்டி வெடித்து ஈயமும் அமிலமும் கசிந்தால், துளைகள் நிறைந்த சுண்ணக்கல் வழியே அவை கிணற்றுக்கே இறங்கும். ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பழைய பற்றரியின் ஈயம் மீண்டும் உருக்கப்பட்டுப் புதியதாகும் ஆதலால் வாங்கிய கடையே அதனை விலைக்கு எடுத்துக்கொள்ளும். இத்தனை சிறிய நன்னீர்ப் படலத்தை நம்பி வாழும் மண்ணில் இது வெறும் பணக்கணக்கு அன்று.

வெளிநாட்டிலிருந்து ஊரை நேசிப்போர் பலர். கோயிலுக்குக் கோபுரமும் பள்ளிக்கு மண்டபமும் அவர்கள் தந்திருக்கின்றனர். வீட்டைப் புதுக்கி வைப்பதும் அந்த நேசத்தின் அடையாளமே. ஆயினும் ஒரு வீட்டை உயிரோடு வைப்பது பூட்டும் வண்ணமும் அல்ல. நாளாந்தம் அதனிற் புழங்கும் கை. இம்முறை ஊரிலிருந்து புறப்படும் அன்பர்கள் சாவியைக் கொடுக்கும்போது, “பார்த்துக்கொள்ளுங்கோ” என்பதோடு “பாவியுங்கோ” என்றும் ஒருசொற் கூட்டிச் சொல்வார்களாக. அடுத்த ஆனியிற் படலையைத் திறக்கையில் விளக்கு எரியும்.